எச்சில் நாடா

விடியற்காலை மில் சங்கு ஊதி அடங்குமுன்பே நெசவுக் கூடத்தில் தறிகள் அடிக்கத் தொடங்கிவிடும். வெளியே கிழக்கு வெளுத்திருக்காது. உள்ளே நூல் அறாமலிருக்க மேலேயிருந்து நீராவியைத் தெளிப்பார்கள். அந்த ஈரமும் பறக்கும் பஞ்சும் சேர்ந்து மூக்கிலும் இமையிலும் அப்பிக்கொள்ளும். யார் பேசினாலும் காது கேட்காது. உதட்டைப் பார்த்தும் கையசைவைப் பார்த்தும்தான் பேச்சு.

என் தறிகள் இரண்டு. பிரெஞ்சுக்காரன் காலத்தில் என் தகப்பனார் ஓட்டிய அதே இரண்டு. ஊடு நூலைச் சுமந்துகொண்டு பாவின் குறுக்கே பாய்கிற மரக்கட்டைக்கு நாடா என்று பெயர். நூல் தீர்ந்து மாற்றும்போதெல்லாம் அதன் ஓரத்துத் துளையில் வாயை வைத்து நுனியை உறிஞ்சி இழுக்க வேண்டும். ஆகவே ஒருவன் நாடா அவனுடைய எச்சில். லீவில் போகிறவன் தன் நாடாவை இரத்த உறவு ஒருவன் கையில்தான் கொடுப்பான், அதே தறி வரிசையில் நிற்பவர்கள் பார்க்கக் கொடுப்பான். திரும்பி வரும்போது அதே கை திருப்பிக் கொடுக்கும். கையில் வாங்காதவன் அந்தத் தறியில் நின்றால் வரிசையே தறியை நிறுத்திவிடும். நிர்வாகமும் இந்த வழக்கத்தில் கை வைத்ததில்லை. எங்கள் வீட்டு நாடா வெளியார் வாய்க்குப் போனதில்லை என்பதில் எனக்குக் கர்வம் உண்டு.

எண்பத்து மூன்றாம் வருஷம் சித்திரையில் ஒரு காலை, நாடாவை உறிஞ்சக் குனிந்தவனால் நிமிர முடியவில்லை. வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி தோள்பட்டையின் பின்பக்கம் வரை ஏறியது. பக்கத்துத் தறி சகாயநாதன் ஓடி வந்து என் தறிகளை நிறுத்தினான். தாங்கிப் பிடிக்க வந்த அவன் கையை விலக்கிவிட்டுத் தறிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டில் யாரும் கூடத்தில் விழுந்ததில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை விழுங்கவைத்து மறுநாள் படம் எடுத்தார்கள். பித்தப்பை நிறையக் கல். டாக்டர் வயதில் சின்னவர், பேச்சில் சுற்றிவளைப்பு இல்லை. பையையே எடுத்துவிட வேண்டும் என்றார். பை இல்லாமல் மனிதன் உழைக்க முடியுமா என்று கேட்டேன். தாராளமாக உழைக்கலாம், ஆனால் வயிற்றைக் கீறித் தைப்பதால் இரண்டு மாதம் பாரம் தூக்கக் கூடாது என்றார். விட்டுவைத்தால் கல் குழாயை அடைக்கும், காமாலை வரும், சீழ் பிடித்தால் உயிர் நிற்காது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

யோசிக்கக் காரணம் இருந்தது. ஒரே ஆளுக்கு நாலு தறி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவர நிர்வாகம் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. நீண்ட லீவு போய்த் திரும்பியவர்களை, உடம்பு வேலைக்குத் தகுதியில்லை என்று சொல்லிக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். சங்கம் எதிர்த்துக்கொண்டிருந்தது. ரசஞ்சோறும் மோருமாகக் காலத்தை ஓட்டிவிடலாம், கத்தி வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

விஷயம் தெரிந்தவர்கள் இருவர். ஒருத்தி என் மனைவி செல்வாம்பாள். இன்னொருவன் என் தம்பி தெய்வசிகாமணி. தகப்பனார் இறந்தபோது அவன் என் இடுப்புயரம். வளர்த்ததும் கல்யாணம் செய்துவைத்ததும் நான். அதே மில்லில் அவன் பதிலி. யாராவது வராத நாளில்தான் அவனுக்கு வேலை.

அறுவை செய்துகொள்ளச் சொல்லி வற்புறுத்தியவன் அவன்தான். "நாடாவ எங்கிட்ட குடுத்துட்டுப் போண்ணா. நீ வர்ற வரைக்கும் ஒரு இழை அறாம பாத்துக்கறேன்." அந்தப் பேச்சில் என் மனம் இளகியது. பாதி சம்மதித்துவிட்டேன்.

அந்த வாரமே மானேஜர் கூப்பிட்டனுப்பினார். நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம், உங்கள் தறி உங்கள் குடும்பத்திலேயே இருக்கும் என்றார். அவருக்கு யார் சொன்னது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. உழைத்த உழைப்புக்கு மரியாதை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் காலை கூடத்துக்குள் நுழைந்தால் என் தறிகளைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு. பக்கத்தில் காலியாகக் கிடந்த இரண்டு தறிகளையும் சேர்த்து ஒரே கட்டமாகப் போட்டிருந்தார்கள். ஃபிட்டர் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். நாலையும் நெருக்கிவைத்து நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விடுகிறார்களாம். எந்த ஆள் என்று கையால் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் உதட்டை மட்டும் அசைத்தார். உன் தம்பி.

நேராக மானேஜர் அறைக்குப் போனேன்.

"நான் இன்னும் ஆஸ்பத்திரிக்கே போவல. என் தறிக்கு இன்னாத்துக்கு கோடு?"

"தறி கம்பெனியோடது, நாராயணசாமி."

"குடும்பத்திலயே இருக்கும்னு சொன்னீங்க."

"இருக்குதே. நாலையும் பதிலிக் கூலிக்கே ஓட்டறேன்னு உங்க தம்பி ஒத்துக்கிட்டாரு. வயித்தக் கிழிச்சித் தெச்ச ஆள வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

"கிழிக்கலன்னா?"

"அப்ப நோயாளி. அதுக்கும் எழுதித் தர ஒரு டாக்டர் வச்சிருக்கோம்."

அன்று சாயங்காலம் தம்பி வீட்டு வாசலில் நின்றேன். அவன் மறுக்கவில்லை.

"எவனுக்கு ஜொரம் வரும்னு பாத்துக்கிட்டே இத்தினி வருசம் கேட்ல நின்னுட்டேன். கடைசில எங்கண்ணனுக்கே வந்துச்சி. நான் இன்னா பண்ணட்டும்?"

அவன் என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வீட்டுக்குத் திரும்பினேன்.

வீட்டில், அறுவை இல்லை என்று அறிவித்தேன். உயிர் போகிறவரை தறியில் நிற்பேன். தம்பி செய்தது இந்தச் சுவரைத் தாண்டக்கூடாது. அண்ணனும் தம்பியும் தெருவில் நின்று பேசினால் தகப்பனார் பெயர் என்ன ஆவது?

செல்வாம்பாள் என் கண்ணின் மஞ்சளைப் பார்த்துக்கொண்டே சோறு போட்டாள்.

"வயித்துல இருக்கற கல்லு பத்தாதுன்னு நெஞ்சுலயும் ஒண்ண ஏத்திக்காதீங்க. மூடிவச்சா யாருக்கு லாபம்? நீங்க வாயத் தொறக்க மாட்டீங்கன்னு நம்பித்தான் அந்த மானேஜரு கோடு போட்டிருக்காரு."

தட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன். படுத்த பிறகும் அவள் கேட்டதே காதில் இருந்தது.

மறுநாள் ஷிப்டு விட்டதும் கேட்டுக்கு எதிரே புங்கமரத்தடியில் சங்கக் கூட்டம் நடந்தது. அதுவரை நான் அங்கே நின்று கேட்டதுண்டு, பேசியதில்லை. நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் போனேன். கல்லைச் சொன்னேன். கோட்டைச் சொன்னேன். தம்பி பெயரைத் தகப்பனார் பெயரோடு சேர்த்தே சொன்னேன். பதிலிகள் கும்பலில் அவன் நின்றிருந்தான்.

"அண்ணன் வயித்துல கல்லு, தம்பி வாயில சக்கரையா?" என்று எவனோ கேட்டான். சிரிப்பு எழுந்தது.

தம்பியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம் என்றேன். அண்ணன் நோயே வேலையாகத் தெரியும்படி அவனைக் கேட்டிலேயே நிற்கவைத்தது யார், அதைக் கேளுங்கள் என்றேன். சிரிப்பு நின்றது.

சகாயநாதன் முன்னால் வந்து கையை நீட்டினான்.

"ஆபரேசன் செஞ்சிக்குங்கண்ணே. நாடாவக் குடுங்க."

மாதா கோயில் தெருக்காரன். எங்கள் சாதியில்லை, சனமில்லை. எச்சில் என்றேன்.

"தெரியாமயா கேக்கறேன்?"

அந்தக் கையைப் பார்த்தேன். இரத்த உறவின் கை என்னைக் கோட்டுக்கு வெளியே தள்ளியிருந்தது. நாடாவைக் கொடுத்தேன். அவன் நுனி நூலைத் துளையில் வைத்து, வாயைப் பொருத்தி, எல்லோரும் பார்க்க உறிஞ்சி இழுத்தான். பிறகு அடுத்திருந்த அம்மாவாசையிடம் நீட்டினான். அவன் உறிஞ்சினான். அடுத்தவன், அடுத்தவன். நூல் சுற்றும் பகுதி ஆனந்தமேரி, எங்கள் வாய் என்ன பாவம் செய்தது என்று கேட்டுக் கும்பலை விலக்கிக்கொண்டு வந்து வாங்கினாள்.

இனி அந்த நாடா எல்லோருடைய எச்சில். எல்லோரும் கொடுக்காமல் எவனும் தனியாக வாங்க முடியாது. நான் திரும்பி வரும்வரை அந்தத் தறிகள் நின்ற இடத்திலேயே நிற்கும், நகர்த்தினால் கூடமே உட்காரும், பதிலிகளை நிரந்தரமாக்கு என்பதும் கோரிக்கையில் சேரும் என்று முடிவாயிற்று. நாடா தன் கைக்கு வருமுன்பே தம்பி போய்விட்டிருந்தான்.

அறுவை நாளன்று விடியற்காலை என்னைப் பச்சைத் துணிக்கு மாற்றி வராந்தாவில் உட்காரவைத்திருந்தார்கள். ஊருக்குள் மில் சங்கு கேட்டது. சற்றுக் கழித்து ஆனந்தமேரி மூச்சிரைக்க வந்து செல்வாம்பாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தறியை நகர்த்த வெளி ஆட்களைக் கொண்டுவந்திருக்கிறார்களாம், கேட்டிலேயே எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்களாம், போலீஸ் வேனும் வந்து நிற்கிறதாம்.

"தம்பி?" என்று கேட்டேன்.

"வந்திருக்காரு. எங்களோட சேரல. தனியா அந்தப் பக்கமா நிக்கறாரு. மானேஜரு கைதட்டிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு."

"உள்ள போனானா?"

"நான் வர்ற வரைக்கும் போவல."

தள்ளுவண்டி வந்தது. தூக்கிவிட வந்த கைகளை விலக்க நினைத்து, விலக்காமல், அவற்றைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். அப்போது சங்கு மறுபடியும் ஊதியது. ஒரே ஷிப்டுக்கு ஆளைக் கூப்பிட்டு அது இரண்டாம் தரம் ஊதி நான் கேட்டதில்லை. கூப்பிடட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.