மறைத்து வைத்த எண்

1

இந்தக் கதை ஒரு கேக்கில் தொடங்கியது. இல்லினாய்ஸில் நான் வெகுகாலம் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் ஒருநாள் பெரிய கேக் ஒன்றை வெட்டாமலே வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன், யாரும் சொல்லவில்லை. மீதியெல்லாம் என் கற்பனை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "இயற்பியலாளர் வெர்னா ஹால்வர்சனுக்கு விருது அறிவிக்கப்பட்ட அன்று வானம்..."

வேண்டாம். வானத்துக்கும் விருதுக்கும் என்ன சம்பந்தம்?

வெர்னாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஒரு துகள் பிறந்து எவ்வளவு நேரத்தில் அழிகிறது என்று அளந்ததற்குத்தான் விருது. வெள்ளிக்கிழமை வாஷிங்டனில் விழா. அதே ஆயுளை இளையவர்கள் சிலர் புதுக் கருவியில் மறுபடி அளந்திருக்கிறார்கள். அவர்களுடைய விடை வியாழக்கிழமை தெரிந்துவிடும். இவ்வளவு போதும்.

2

(ஒரு விளக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஆட்கள் தங்களையே நம்பமாட்டார்கள். எதிர்பார்த்த விடை வந்ததும் பிழை தேடுவதை நிறுத்திவிடுவோம் என்று பயம். அதனால் எல்லா அளவுகளோடும் கணினி ஒரு ரகசிய எண்ணைக் கூட்டிவிடும். வேலை முழுக்க முடிந்த பிறகே அதைக் கழிப்பார்கள்; அதற்குத் 'திறப்பது' என்று பெயர். அதுவரை உண்மையான விடை யாருக்கும் தெரியாது.)

செட் ப்ரூயரை முதலில் வில்லனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. வெர்னாவோடு சேர்ந்து அந்த அளவை எடுத்தவர், நல்ல மனுஷன். உணவகத்தில் சூப் கிண்ணத்தோடு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"வெர்னா, தொறக்குறத ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லேன். நீ சொன்னா அந்தக் குழுவ நடத்துற பொண்ணு கேப்பா."

"எதுக்கு?"

"எதுக்கா? முதல்ல விருதை வாங்கிட்டு வா. அப்புறம் எந்த எண் வந்தா நமக்கென்ன?"

"நாம அளந்தது தப்புன்னு நெனைக்கிறியா?"

"நான் அப்படிச் சொன்னேனா? என் வாயப் புடுங்காத."

"பின்ன ஏன்டா சூப்பு ஆறிக்கிட்டிருக்கு, ஒரு வாய் வைக்கல?"

வெர்னாவுக்கும் பயம்தான். அந்த விருதின்மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. ஃபார்கோவிலிருந்து தங்கை விழாவுக்கென்றே புது உடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சரி, தள்ளிப்போடச் சொல்கிறேன் என்று வெர்னா...

[வாக்கியத்தை இங்கேயே விட்டுவிட்டேன். அப்படிச் சொல்லியிருந்தாலும் எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருக்கும். கதைதான் படுத்திருக்கும்.]

3

வியாழக்கிழமை. மேசைமேல் கேக், அதில் ஓர் எழுத்தும் இல்லை.

"வாழ்த்துகள்னு போடட்டுமான்னு கடைக்காரன் கேட்டான். நான் என்னத்தச் சொல்ல?" என்றாள் குழுத்தலைவி ஜோலீன். பிறகு வெர்னாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "வேணும்னா உங்க விழா முடிஞ்சு..."

"அதுவரைக்கும் கேக்கு ஊசிப் போகவா? தொற."

திறக்குமுன் அங்கே ஒரு வழக்கம். என்ன எண் வந்தாலும் திருத்தாமல் அப்படியே வெளியிடச் சம்மதம் என்று எல்லாரும் கை தூக்க வேண்டும். ஒரு கை குறைந்தாலும் திறக்கமாட்டார்கள். வெர்னா வெறும் விருந்தாளி, அவர் சம்மதம் யாருக்கும் தேவையில்லை. ஆனாலும் முதலில் மேலே போனது அவர் கைதான்.

"நீ இருக்கியே..." என்று முணுமுணுத்தபடி செட்டும் தூக்கினார்.

4

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் புது எண்ணும் வெர்னாவின் எண்ணும் ஒன்றே, அறையே கத்திக் கூத்தாடுகிறது. இன்னொன்றில் எண் எங்கோ விலகிப்போகிறது. மறுநாள் வெர்னா மேடையேறி, "மன்னிக்கணும், இந்த எண் நேத்தோட தப்பாயிடுச்சு" என்கிறார். பதக்கத்தை நீட்டியவருக்குக் கையை மடக்குவதா வேண்டாமா என்று புரியவில்லை.

இரண்டில் ஒன்றின்மேல் இதற்குள் ஆசை வைத்திருப்பீர்கள். நானும்தான். அதனாலேயே நான் தேர்ந்தெடுக்கக் கூடாது.

ஜோலீன் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். உங்கள் கையைத் தவிர எல்லார் கையும் மேலே இருக்கிறது.