தடுப்பில் விடாத வழி

அண்ணன் ஹார்லன் காலமெல்லாம் மேப்பிள் மரச் சாற்றை அகப்பையால் கொப்பரைக்குக் கொப்பரை மொண்டு ஊற்றியே பாகாகக் காய்ச்சினான். அவன் செத்ததற்கு அடுத்த மார்ச்சில் நான் எவர்சில்வர் தகட்டில் மூன்று தடுப்பு வைத்து ஒரே கொப்பரை செய்தேன்.

நான்கு அறையையும் நிரப்பி அடுப்பு மூட்டிய பிறகு மனைவி வெர்னா கேட்டாள்: “ஏங்க, குழாய்ச் சாறு முதல் அறையிலதானே விழுது? அடுத்ததுக்குப் போக தடுப்புல வழியே விடலையே!”

“தெரியுது. வாயை மூடிட்டு விறகு எடுக்க வா!” என்று கத்தினேன்.

வெகுநேரம் கழித்துத் திரும்பியபோது கடைசி அறை வற்றிக் கருகியிருக்க வேண்டும். ஆனால் நான்கிலும் சாறு ஒரே மட்டத்தில் கொதித்தது. அண்ணன் போனபின் யாரும் தொடாத அகப்பை, ஆணியில் தொங்கியபடி பாகு சொட்டியது. வாசல் பனியில் எங்கள் காலடி மட்டுமே.

“இனி நான் மொண்டுக்கறேண்ணா, நீ போ” என்றேன், அகப்பையைப் பார்த்து.

கத்தத்தான் நினைத்தேன். மெல்லச் சொல்லிவிட்டு அகப்பையை எடுத்தேன்.