விஜய்ராஜுக்கு ஒரு பூசைக் கருத்து

பூசைக் கருத்துச் சீட்டில் மூன்று கட்டங்கள் இருந்தன. நன்றியாக. வேண்டுதலாக. இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. எதில் குறி போடுவது என்று ஜெபஷீலாவுக்குத் தெரியவில்லை.

ராயப்பன்பட்டியில் இது நடக்கும் முறை எளிமையானது. சனிக்கிழமை மாலைக்குள் சீட்டை, கோவில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியாரிடம் கொடுக்க வேண்டும். அவர் நோட்டில் எழுதுவார். மறுநாள் பூசைக்கு முன் சாமியார் அதை மைக்கில் வாசிப்பார். கோவிலில் இருக்கும் எல்லோரும் அந்தக் கருத்துக்காகச் செபிப்பார்கள். ஜெபஷீலா தேனியில் வேறு சபையில் வளர்ந்தவள். அங்கே நன்றி சொல்ல வேண்டியவர்கள் எழுந்து நின்று தாங்களே சொல்வார்கள். சீட்டு முறை, விஜய்ராஜைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த பிறகு பழகியது. கல்யாண நாள் வந்தால் முதல் கட்டத்தில் அவனே குறி போட்டுவிடுவான். "விஜய்ராஜ், ஜெபஷீலா" என்று மைக்கில் வரும்போது ஆண்கள் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்ப்பான். அத்தனை முக்காடுகளுக்கு நடுவிலும் அவன் கண் சரியாக அவளிடம் வந்து நிற்கும்.

மூன்று வருடத்துக்கு முன் வாழைக்காய் லோடு ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகக் கோட்டயம் போனான். லோடு இறங்கியது. லாரி அங்கேயே நின்றது. அவன் இல்லை. உயிரோடு இருக்கிறானா என்று சொல்ல இதுவரை ஒரு தடயமும் கிடைக்கவில்லை. இரண்டு கல்யாண நாட்களைச் சீட்டு இல்லாமலே விட்டுவிட்டாள். நாளை பத்தாவது. அந்த இரண்டு பெயரையும் இன்னொரு முறை சேர்த்துக் கேட்க வேண்டும் போல இருந்தது.

"ரெண்டாவதுல போடு. எம்மகன் வரணும்னு கேளு," என்றாள் கூட வந்திருந்த மாமியார் சவரியம்மாள்.

"தெனமும் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன் அத்த. கல்யாண நாளைக்குமா கேக்கணும்?"

உபதேசியார் ராயப்பன், சவரியம்மாளுக்குச் சித்தி மகன். மெதுவாகச் சொன்னார்: "மூணாவதுல போட்டாலும் தப்பில்லக்கா. உசுரோட இருக்கவுகளுக்கு அதால ஒண்ணும் ஆயிறாது."

"ஏலே, அப்ப ஒம்பேர எழுதுலே மொதல்ல. ஒண்ணும் ஆகாதுன்னியே!"

ராயப்பன் அவசரமாக நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார்.

ஜெபஷீலா சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டாம் கட்டத்துக்கு அவன் எங்காவது இருக்க வேண்டும். மூன்றாம் கட்டத்துக்கு எங்கும் இருக்கக் கூடாது. இரண்டில் ஒன்று தெரிந்தால்தான் குறி போட முடியும்.

"மொதக் கட்டத்துல போடட்டா அத்த?"

"என்னத்துக்கு நன்றி? வந்து சேரட்டும், ஊருக்கே பிரியாணி போட்டு நன்றி சொல்றேன்."

புரண்டுகொண்டிருந்த நோட்டில் ஒரு வரி ஜெபஷீலாவின் கண்ணில் பட்டது. 'அருளப்பன் குடும்பத்தினர், ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் கண்டதற்கு நன்றியாக.'

"சித்தப்பா, இவுக போர்ல இப்பத் தண்ணி இல்லையே?"

"போன கோடையிலேயே வத்திப்போச்சு. தெராட்சக் கொடியெல்லாம் காஞ்சு கெடக்கு. ஆனாலும் வருசாவருசம் இதே தேதிக்கு வந்துருவாக."

"ஏன்னு கேக்கலையா?"

"கேக்காம இருப்பனா? 'அன்னைக்கித் தண்ணி வந்துச்சுல்ல, நாலு வருசம் குடிச்சோம்ல'ங்கிறாக."

ஜெபஷீலா பேனாவை வாங்கி எழுதினாள். எழுதி முடித்து, மாமியாருக்காக வாசித்தாள்.

"விஜய்ராஜோடு வாழ்ந்த ஏழு ஆண்டுகளுக்கு நன்றியாக, ஜெபஷீலா."

சவரியம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எம்பேரையும் சேத்துப் போடு," என்றாள். "எனக்கு முப்பத்தாறு வருசம்."

அதையும் எழுதி, ஜெபஷீலா முதல் கட்டத்தில் குறி போட்டாள். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியாமலே அதை நிரப்ப முடிந்தது. வேண்டுவதற்கும் இறந்தவருக்காகச் செபிப்பதற்கும் அவன் நிலை தெரிய வேண்டும். நன்றிக்கு, அவனோடு வாழ்ந்தது தெரிந்தால் போதும்.