பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகத் தாண்டினால்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்: இந்தக் கதை என் கற்பனை இல்லை, என் நாத்தனாரிடமிருந்து சுட்டது. மொட்டை மாடியில் இருவரும் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டியபடியே, "அண்ணி, இன்னைக்கு ஒரு வாண்டு எல்லார் முன்னாடியும் என்னை மாட்டி விட்டுட்டா" என்று சொல்லிச் சிரித்தாள். மாட்டிக்கொண்டதைச் சொல்லிவிட்டு ஒருவர் சிரித்தால் அதில் கதை இருக்கிறது என்பது என் அனுபவம். எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா முதல்ல எனக்குப் படிச்சுக் காட்டணும்."

இந்த நிபந்தனைக்குத் தலையாட்டியது எவ்வளவு பெரிய தவறு என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

2

முதல் தொடக்கம்: "அந்த வகுப்பறையில் இருபத்தாறு கனவுகள் அமர்ந்திரு…"

"கனவா? இருபத்தாறு பிள்ளைங்க அண்ணி. அதுல ரெண்டு பேருக்குச் சளி."

இரண்டாவது தொடக்கம்: "கணிதம் என்பது பிரபஞ்சத்தின்…"

"வேண்டாம்."

சரி, உள்ளதை உள்ளபடியே சொல்கிறேன். என் நாத்தனார் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வகுத்தல் என்றாலே பிள்ளைகள் மேஜைக்கடியில் பென்சில் தேடப் போய்விடுவதைப் பார்த்து அவள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தாள். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தரையில் நீளமாக ஒரு சுண்ணாம்புக் கோடு. அதில் பூஜ்ஜியத்திலிருந்து இருபத்துநாலு வரை எண்கள். போய்ச் சேர வேண்டிய எண்ணை அவள் சொல்வாள், பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பூஜ்ஜியத்தில் நிற்கும். ஒரு அட்டைப் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு சீட்டு எடுக்கும். மூன்று என்று வந்தால் மூன்று மூன்றாகத் தாண்ட வேண்டும். மூணு, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு. மற்றவர்கள் ஒவ்வொரு தாண்டலுக்கும் கைதட்டி எண்ணுவார்கள். நாலு தட்டில் பன்னிரண்டு வந்துவிட்டது. ஆகவே பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் நாலு. ஐந்து வந்தால் இரண்டு தாண்டலில் பத்து, அடுத்த தாண்டல் பன்னிரண்டைக் கடந்துவிடும் என்பதால் அங்கேயே நின்று, "மீதி ரெண்டு!" என்று கத்த வேண்டும்.

[இடைக்குறிப்பு: அவள் இதை விளக்கும்போது எங்கள் கூடத்துத் தரைக்கற்களில் தாண்டியே காட்டினாள். நானும் தாண்டினேன். என் வயதைச் சொல்ல மாட்டேன்.]

3

கதைக்கு வில்லி தேவை என்று தலைமையாசிரியையைக் கொஞ்சம் கடுகடுப்பாக எழுதினேன். நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. "பாவம் அவங்க. எங்க கிளாஸுக்கு நேர் கீழ அவங்க ரூம்."

ஆகவே வில்லியை நீக்கிவிட்டு ஒரு மின்விசிறியைச் சேர்க்கிறேன். மேலே இருபத்தாறு பேர் முறை வைத்துக் குதிக்க, கீழே மின்விசிறி ஆடியது. மூன்றாம் நாள் தலைமையாசிரியை மாடியேறி வந்தார். தலைமுடியில் சுண்ணாம்புப் பொருக்கு.

"டீச்சர், உங்க வகுத்தல் என் தலைமேலயே விழுது."

"பிள்ளைங்க கத்துக்கிறாங்க மேடம்."

"கத்துக்கட்டும், உக்காந்து கத்துக்கட்டும். செவ்வாய்க்கிழமை மேற்பார்வையாளர் வர்றாரு. அவர் பாத்துச் சரின்னா சரி. இல்லன்னா மறுநாள்லேருந்து வாய்ப்பாடுதான். உங்க நிரந்தரமும் அவர் கையிலதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்குங்க."

4

இப்போது அந்தச் சிறுமி. எனக்கு அவள்மேல் வெகுநாள் சந்தேகம் இருந்தது. கதைக்கு இவ்வளவு தோதான பாத்திரம் நிஜத்தில் கிடைக்குமா என்ன? வகுப்பே அவளை 'ஏன்' என்று கூப்பிடும். ஜன்னலைச் சாத்தச் சொன்னால் ஏன், வரிசையில் நிற்கச் சொன்னால் ஏன். முன்பல் இரண்டும் இல்லாததால் கேள்வி கொஞ்சம் காற்றோடுதான் வரும்.

திங்கட்கிழமை, மறுநாளுக்கான ஒத்திகை நடக்கிறது. நாத்தனார் பதற்றத்தில் இருக்கிறாள். 'ஏன்' கை தூக்கினாள்.

"டீச்சர், பூஜ்ஜியம் பூஜ்ஜியமா தாண்டினா எத்தனை தாண்டல்?"

"அப்படியெல்லாம் கிடையாது."

"ஏன்?"

"கிடையாதுன்னா கிடையாது. உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். அன்று முழுக்க ஒரு 'ஏன்'கூட வரவில்லை. வகுப்பு அமைதியாக இருப்பதாக நாத்தனார் முதலில் சந்தோஷப்பட்டாளாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. உதறிய துணியையே மறுபடி உதறினாள்.

5

செவ்வாய்க்கிழமை. மேற்பார்வையாளர் பருத்த கோப்போடு வந்து, பிள்ளைகளின் பெஞ்சு ஒன்றில், முழங்கால் மார்பை இடிக்க உட்கார்ந்தார். தலைமையாசிரியை கதவருகே. முதல் ஐந்து பேர் அருமையாகத் தாண்டினார்கள். சளி பிடித்தவன்கூட மீதியைச் சரியாகச் சொல்லிவிட்டுத் தும்மினான். மேற்பார்வையாளரின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

ஆறாவதாக 'ஏன்'. பெட்டிக்குள் கைவிட்டாள், சீட்டை உயர்த்திக் காட்டினாள். பூஜ்ஜியம்.

(என் முதல் வரைவில் அந்தச் சீட்டு தவறுதலாக விழுந்திருந்தது. நாத்தனார் அடித்துவிட்டாள். "மத்ததெல்லாம் அட்டை அண்ணி. அது நோட்டுலேருந்து கிழிச்ச தாள். எழுத்தும் அவளுது. கைக்குள்ளேயே வெச்சிருந்து பெட்டியிலேருந்து எடுத்த மாதிரி காட்டினா. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு.")

வேறு சீட்டு எடு என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். நாத்தனார் சொன்னது ஒரே வார்த்தை:

"தாண்டு."

'ஏன்' குதித்தாள். பூஜ்ஜியத்திலேயே விழுந்தாள். மறுபடி குதித்தாள். வகுப்பு கைதட்டி எண்ணத் தொடங்கியது. ஒண்ணு, ரெண்டு, மூணு. பத்தைத் தாண்டியதும் சிரிப்பு. இருபதில் சிரிப்பு நின்று, எண்ணுவது மட்டும் பாக்கி. கீழே மின்விசிறியின் கதி என்ன ஆனதோ. முப்பத்தொன்றாவது குதிப்பில் அவள் மூச்சிரைக்க நின்றாள்.

"டீச்சர், இது போகவே போகாது."

மேற்பார்வையாளர் பேனாவை மூடினார். "என்ன டீச்சர் இது? பாடத்துலயே இல்லாத சீட்டு?"

நாத்தனார் போய்ச் சிறுமியின் பக்கத்தில் நின்றாள். சொன்னாள்: "நேத்து இவ கேட்டா சார். எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அதனால உக்காருன்னு அதட்டிட்டேன். தப்பு என் மேலதான்."

ஒரு ஆசிரியை தனக்குத் தெரியாது என்று சொல்லி அந்தப் பிள்ளைகள் கேட்டதில்லை.

மேற்பார்வையாளர் சிறுமி பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்: "சரி பாப்பா. இப்ப விடை என்னன்னு போர்டுல எழுதுவியா?"

நாத்தனார் சாக்பீஸை நீட்டினாள்.

6

வரிசை மாறினாலும் பரவாயில்லை, முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களைக் காக்க வைப்பதில் எனக்கு ஆசையில்லை. விளையாட்டுக்கு அனுமதி கிடைத்தது. வகுப்பு தரைத்தளத்துக்கு மாறியது. உடைந்த பெஞ்சுகள் போட்டுவைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். தலைமையாசிரியையே நின்று பெருக்கச் சொன்னாராம். நிரந்தரக் கடிதம் இன்னும் வரவில்லை. வராவிட்டாலும், தெரியாது என்று சொன்னதைத் திரும்பச் சொல்வாளா என்று கேட்டேன். "சொல்லுவேன் அண்ணி. அடுத்த தடவை, அந்தப் பொண்ணு சீட்டு எழுதறதுக்கு முன்னாடியே சொல்லுவேன்."

7

பாக்கி இருப்பது கரும்பலகை. மூன்று வகையாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், சிறுமி 'முடியாது' என்று எழுதுகிறாள். இன்னொன்றில் முப்பத்தொன்று என்று எழுதிவிட்டு, பக்கத்தில் 'இன்னும் இருக்கு' என்கிறாள். மூன்றாவதில் 'ஏன்' என்று எழுதுகிறாள். இதை எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் பெருமை பொங்கியது. நாத்தனாருக்குப் படித்துக் காட்டினேன். அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"அப்ப என்னதான் எழுதினா?"

"தெரியாது அண்ணி."

"நீ அங்கதானே நின்னுட்டிருந்தே?"

"நின்னேன். ஆனா நான் போர்டைப் பாக்கல, அவ மூஞ்சியைத்தான் பாத்தேன். அப்புறம் பெல் அடிச்சுது, அடுத்த டீச்சர் வந்து அழிச்சுட்டாங்க."

அந்த முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தாள், நிறுத்தினாள், மறுபடி ஆரம்பித்தாள். கடைசியில் மடித்துக்கொண்டிருந்த போர்வையை என் கையில் கொடுத்துவிட்டு, "அதெல்லாம் எழுத வராது அண்ணி, விடுங்க" என்றாள். இந்தக் கதையில் அவள் செய்த திருத்தங்களில் இந்த ஒன்றை மட்டும் நான் எதிர்க்கவில்லை.

ஆகவே பலகையில் இருந்த விடை இது:

………………………………

எழுத வேண்டியது நீங்கள்தான். நாத்தனாருக்கு ஒரே நிபந்தனை: எழுதுவதற்கு முன் எழுந்து, நின்ற இடத்திலேயே ஒரு பத்துத் தடவையாவது குதித்துவிட வேண்டுமாம்.