அடகு வைத்த ஞாயிற்றுக்கிழமைகள்

1993-ஆம் வருடம் ஆனி மாதம் தொடங்கி எட்டு வருடம், திண்டுக்கல் நாகல் நகரில் பேச்சாயி வீட்டுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. சனிக்கிழமை ராத்திரி அவளும் அவள் புருஷன் சடையாண்டியும் பாயில் படுத்தால் திங்கட்கிழமை காலையில்தான் கண் விழித்தார்கள். இடைப்பட்ட ஒரு நாள் அந்த வீட்டுக்குக் கிடையாது. பக்கத்து வீட்டு ஷரீஃபா முதல் வாரம் பதறிப்போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பாய் இருந்தது, தலையணை இரண்டும் இருந்தன, ஆட்கள் இல்லை. திங்கட்கிழமை பேச்சாயி கதவைத் திறந்தபோது, ஞாயிற்றுக்கிழமை போட்ட பால் பாக்கெட் வாசலில் உப்பிப்போய்க் கிடந்தது. அடுத்த வாரத்திலிருந்து பால்காரரே சனிக்கிழமையோடு நிறுத்திக்கொண்டார்.

விஷயம் இதுதான். வேடசந்தூர்ப் பக்கம் சடையாண்டிக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் காடு இருந்தது. அதில் நானூற்று இருபது அடிக்கு போர் போட்டான். தண்ணீருக்குப் பதிலாக வெள்ளைப் புழுதி வந்தது. போர் வண்டிக்காரன் புழுதிக்கும் அடிக்கணக்கில்தான் காசு வாங்குவான். காட்டை விற்றும் பதினையாயிரம் பற்றவில்லை. நாகல் நகரில் வட்டிக்கடை வைத்திருந்த பெருமாள்சாமியிடம் போய் நின்றார்கள். மூன்று வட்டி என்றார் அவர். ஈடு என்ன என்றும் கேட்டார். பேச்சாயி காதில் வேப்பங்குச்சிதான் இருந்தது. சடையாண்டிக்கு வாய் சும்மா இருக்காது. "எங்ககிட்ட என்னண்ணே இருக்கு? ரெண்டு பேரும் ஒண்ணா முழிச்சிருக்கது ஞாயித்துக்கெழமை மட்டுந்தான். வேணும்னா அத எழுதிக்கங்க" என்று சிரித்தான். தொழிலில் உட்கார்ந்தால் பெருமாள்சாமி சிரிக்க மாட்டார். பத்து ரூபாய்ப் பத்திரத்தில், ஈடு என்ற இடத்துக்கு நேரே, இருவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் என்று மணிமணியாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

சடையாண்டி சொன்னது விளையாட்டுப் பேச்சுதான், ஆனால் பொய்யில்லை. பேச்சாயி வேடசந்தூர் நூல் மில்லில் முதல் ஷிப்ட். விடிகாலை நாலரைக்கு மில் பஸ் வந்துவிடும். சடையாண்டி ஆயக்குடிக் கொய்யாவைத் தள்ளுவண்டியில் வைத்து பஸ் ஸ்டாண்ட் வாசலில் விற்றுவிட்டு வீடு திரும்ப ராத்திரி பதினொன்று ஆகும். அவன் வரும்போது அவள் தூங்குவாள், அவள் கிளம்பும்போது அவன் தூங்குவான். ஒருத்தர் குரலை ஒருத்தர் கேட்பது ஞாயிற்றுக்கிழமைதான். அதுவும் போன பிறகு, கதவின் உள்பக்கத்தில் சாக்பீஸால் எழுதிக்கொண்டார்கள். கடுகு தீந்துபோச்சு. தோள் வலி தேவலையா. உன் சம்பளக் கவர் அரிசிப்பானைக்குள்ள. எட்டாவது படித்த பேச்சாயி எழுத்துப் பிழையில்லாமல் சண்டை கூடப் போட்டாள். நடுவில் 1995 ஆடியில் இசைவாணி பிறந்தாள். இதெப்படி என்று தெரு கேட்டது. தீபாவளிக்கு மில் லீவு என்பது தெருவுக்குத் தெரியாதா என்ன.

பெருமாள்சாமிக்கு வாரத்தில் இரண்டு ஞாயிறு ஆனது. ஊர் ஞாயிறு முடிந்ததும் அவருக்கு மட்டும் இன்னொரு ஞாயிறு விடியும். அதில் அவர் ஆட்டுக்கால் சூப் குடித்தார், எண்ணெய் தேய்த்துக் குளித்தார், மத்தியானம் குறட்டை விட்டார். எட்டு வருடத்தில் அவருக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. இந்தப் பக்கம் பேச்சாயி வீட்டில் அழுகலை நறுக்கி எறிந்த கொய்யாதான் வெஞ்சனம். கொய்யாக் குழம்பு, கொய்யாப் பொரியல், கொய்யாத் துவையல். யாவாரம் சூடு பிடிக்கிற ஞாயிறே இல்லாமல் கொய்யா விற்று, மாதம் தவறாமல் ஒன்றாம் தேதி வட்டியைக் கட்டினார்கள். மிஞ்சியதைச் சிறுகச் சிறுக அசலில் கழித்தார்கள். ஒரு மாதம்கூட யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசும்படி வைத்துக்கொள்ளவில்லை.

1998-இல் ஒரு சனிக்கிழமை ராத்திரி பேச்சாயியின் அம்மா கருப்பம்மாள் செத்துப்போனாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எடுத்துவிட்டார்கள். பேச்சாயி திங்கட்கிழமை விழித்தபோது சுடுகாட்டில் சாம்பல்கூட ஆறிப்போயிருந்தது. வாய்க்கரிசி போடக் கொடுத்துவைக்காத மகள் என்று சொந்தக்காரர்கள் சாடை பேசினார்கள். அவள் அழுது தீர்த்தாள். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்தாள். போய்விட்ட ஞாயிறுகளை ஒவ்வொன்றாகக் காலண்டரில் எண்ணி, அன்றோடு எத்தனை என்று கதவில் எழுதினாள். சடையாண்டி பதினொரு மணிக்கு வந்து அதைப் பார்த்துவிட்டு, விளக்கை அணைக்காமல் நின்றுகொண்டே இருந்தான்.

2001 ஜூனில் இசைவாணி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அவளும் அந்தப் பாயில் படுத்து எழுந்தவள்தான்; வாரத்துக்கு எத்தனை நாள் என்று டீச்சர் கேட்டபோது ஆறு என்றாள். வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து, "ஞாயிறுன்னா என்னம்மா?" என்று கேட்டாள். அந்த மாதமே பேச்சாயி மில்லில் சேர்த்து வைத்திருந்த பிஎஃப் பணத்தை எழுதி வாங்கினாள். சடையாண்டி தள்ளுவண்டியின் நல்ல சக்கரம் இரண்டையும் விற்று ஓட்டைச் சக்கரம் மாட்டினான். ஒரு புதன்கிழமை இருவரும் லீவு போட்டு ஒன்றாகப் போய், கடைசி நாலாயிரத்து நூறு ரூபாயைப் பெருமாள்சாமி மேசையில் வைத்தார்கள்.

அவர் எண்ணிப் பார்த்துவிட்டுப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். "வர்ற வாரத்துலருந்து உங்களுக்கு ஞாயிறு உண்டு, போங்க" என்றார்.

"போன ஞாயிறு நானூத்திப் பதினேழும்ண்ணே?" என்றாள் பேச்சாயி.

அது வட்டியோடு சேர்ந்தது என்றார் அவர். பேச்சாயி பத்திரத்தை விரித்தாள். "வட்டி மூணு ரூவான்னு தனியா எழுதியிருக்கீக. அதத் தனியா கட்டிட்டோம். இது ஈடு. கடன் அடஞ்சா ஈட்டத் திருப்பணும். அடகு வச்ச தோட்ட எடுத்து உங்க வீட்டம்மா காதுல மாட்டிக்கிடலாமாண்ணே?"

சடையாண்டி அவள் முழங்கையைத் தொட்டான். "விட்டுத் தள்ளு புள்ள. கடன்தான் தீந்துபோச்சுல்ல."

"கடன் தீந்துச்சு. பொருள் வரல. ஒங்களோட நான் பேச வேண்டியது எட்டு வருசத்துக்குக் கெடக்கு. அத இவருக்குத் தர மாட்டேன்."

சடையாண்டி அவளைப் பார்த்தான். விழித்திருக்கிற முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து நாளாகியிருந்தது. எழுந்து போய், ஓட்டைச் சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வட்டிக்கடை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினான். புதன் போனது, வியாழன் போனது. இருவரும் நகரவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் பேச்சாயி பத்திரத்தைப் படித்துக் காட்டினாள். சடையாண்டி கொய்யாவைக் கீறி மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை கமர்ஜஹான் என்ற ஒரு பெண் வந்து, தான் அடகு வைத்த வளையலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். அவளுக்குப் பின்னால் குத்துவிளக்கு வைத்தவர்கள், அண்டா வைத்தவர்கள், தாலிக்கொடி வைத்தவர்கள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான். ஞாயிற்றுக்கிழமையையே புழங்கியவர், நம் பொருளைப் புழங்காமல் விட்டாரா? சனிக்கிழமை சாயங்காலம் வரிசை ரயில்வே கேட்டைத் தொட்டது. ஏழு மணிக்குப் பெருமாள்சாமி பேனாவை எடுத்தார். நானூற்றுப் பதினேழும் திருப்பித் தரப்படும் என்று எழுதினார். ஊருக்கே வருகிற ஞாயிறு இந்தக் கணக்கில் சேராது என்று பேச்சாயி ஒரு வரி எழுத வைத்தாள்.

செலவழித்த ஞாயிற்றுக்கு அவர் எங்கே போவார்? அவருடைய கிழமைகளிலிருந்துதான் கழிந்தது. திங்கள் முதல் சனி வரை ஆறு நாளும் பேச்சாயி வீட்டுக்கு ஞாயிறாகப் போயின. அந்த ஆறு நாளும் பெருமாள்சாமி எங்கேயும் இல்லை. இது பதினாறு மாதம் நடந்தது. ஞாயிறன்று மட்டும் அவர் கண் விழித்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வசூலுக்குக் கிளம்புவார். ஞாயித்துக்கெழமை யாராச்சும் வட்டி கேட்டு வருவாகளா என்று கடன்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வட்டி கட்டாமல் மிஞ்சிய காசில் நாகல் நகரில் அந்த வருடம் பல வீடுகளில் ஓடு மாற்றினார்கள்.

பேச்சாயி வீட்டு வாசற்படிக்கு வெளியே செவ்வாய், உள்ளே ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை மில் பஸ் வராது என்பதால் அவள் வேலைக்குப் போகவில்லை. மில்லில் பேரை அடித்துவிட்டார்கள். விசாரிக்க வந்த சூப்பர்வைசர் செருப்பைக் கழற்றி உள்ளே கால் வைத்ததும் கொட்டாவி விட்டு, கறிக்குழம்பு சாப்பிட்டு, நாலு மணி வரை தூங்கிவிட்டுப் போனார். தள்ளுவண்டி வீட்டு வாசலிலேயே நின்றது. புதன்கிழமையன்று வருகிறவர்கூட அங்கே ஞாயிற்றுக்கிழமைக்காரர் மாதிரி கிலோக் கணக்கில் வாங்கினார். இசைவாணியைக் காலையில் ஷரீஃபா வீட்டில் விட்டால் அங்கே எந்தக் கிழமையோ அந்தக் கிழமையில் பள்ளிக்கூடம் போய்விடுவாள். மற்ற நேரமெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் இரண்டு மாதம் கருப்பம்மாளைப் பற்றி. அப்புறம் எதைப் பற்றியோ. சிரிப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

2002 தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெருமாள்சாமி அவர்கள் வாசலுக்கு வந்தார். முடி பூராவும் வெளுத்திருந்தது. வட்டி கட்டாதவர்கள் மேல் போட்ட கேஸுக்கு மறுநாள் கோர்ட்டில் வாய்தா இருக்கிறது, தான் போகாவிட்டால் கேஸ் தோற்றுப்போகும், ஒரே ஒரு நாளை மட்டும் விட்டுக் கொடுக்க வேண்டும் என்றார். வேண்டுமானால் அதற்கு வட்டி போட்டுத் தருவதாகவும் சொன்னார். பேச்சாயி அவரை உட்கார வைத்து, இலை போட்டு, சோறு வைத்து, குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்து இரண்டு வைத்தாள்.

"வயிறாரச் சாப்புடுங்கண்ணே. நாளைக்கு எங்களுக்கு ஞாயித்துக்கெழமை. தர முடியாது."

அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போனார். மறுநாள் ஊருக்குத் திங்கட்கிழமை. சடையாண்டி எட்டு மணி வரை தூங்கினான்.