ஒன்பது நாள் உப்பில்லாமல்

கல்யாணமான மறுநாளே என் சமையலில் குறை சொன்ன மனுஷன் நைனா முகமது. ஆணத்தை, அதுதான் எங்கள் வீட்டுக் குழம்பை, தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "உப்பு பத்தல மெஹரு" என்றார். வந்த கோபத்தில் அன்று பட்டினி கிடந்தேன். பிரியாணி மாஸ்டரைக் கட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் இந்தப் பாடுதான் என்று யார் எனக்குச் சொன்னார்கள்?

ஆனால் அப்போது அவரைப் பார்க்க வேண்டுமே! வடமதுரை, எரியோடு, எங்கே கல்யாணம் என்றாலும் அவர் கைதான். கொதி வரும்போது அண்டாப் பக்கம் நின்று, ருசி பார்க்காமலே "இன்னும் ஒரு கை போடுப்பா" என்பார். ஆவியிலேயே உப்பு தெரியுமாம். பீற்றல் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் வேண்டுமென்றே குறைத்துப் போட்டுப் பார்த்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்டுபிடித்துவிட்டார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான்கு நாள் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்தார். ஐந்தாம் நாள் அய்யலூர் சந்தையிலிருந்து பதினோரு ஆடுகளை ஓட்டிவந்து பேகம்பூரில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குள் கட்டினார். தெருவே சிரித்தது. நான் அழுதேன். மனநல டாக்டர் லித்தியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து வேளை தவறாமல் என் கையால்தான் மாத்திரை. அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. ஆள் நிதானமானார், பேச்சும் குறைந்துபோனது. அண்டாவைத் தம்பி மகன் ஃபயாஸிடம் கொடுத்துவிட்டார். பழைய நைனா முகமதுவில் எனக்கு மிச்சமிருந்தது அந்த "உப்பு பத்தல" மட்டும்தான். அதற்கும் தினமும் மல்லுக்கு நின்றேன், கிறுக்கச்சி.

போன மாதம் அவருக்கு விலாவில் வலி. ஸ்கேனில் சின்னதாக ஒரு கல். தண்ணீர் நிறையக் குடித்தால் தானாகப் போய்விடும் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சாயி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாளா?

"எங்க வீட்டுக்காரருக்கு நெருஞ்சிமுள்ளு கஷாயத்துலதான்க்கா கல்லு விழுந்துச்சு. காலையில ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். ஆனா பத்தியம் முக்கியம். ஒரு மண்டலத்துக்கு உப்பே சேக்கக் கூடாது."

"மாத்திரை சாப்பிடுறாரேடி?"

"அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. இதென்ன மருந்தாக்கா? காட்டுல கெடக்குற முள்ளு."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது என்று முதன்முதலில் மாத்திரை கொடுத்தபோதே டாக்டர் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருஷத்தில் அது எங்கே போய் ஒளிந்ததோ!

உப்பில்லாச் சோற்றை ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார். அப்பாடா, நாக்கு அடங்கியது என்று நினைத்தேன். ஆறாம் நாள் வயிற்றோட்டம். "கெட்டதெல்லாம் வெளிய போகுதுக்கா" என்றாள் பேச்சாயி. ஒன்பதாம் நாள் காலையில் டீ டம்ளர் கையில் நிற்கவில்லை. எழுந்தவருக்குக் கால் பின்னியது. "மெஹரு" என்று கூப்பிட நினைத்து வாய்க்குள்ளேயே குழறினார். ஃபயாஸ் ஆட்டோவோடு ஓடிவந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தீபா கேட்டார்: "வேற மருந்து ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லவே இல்லம்மா. அந்த மாத்திரைதான். ஒரு வேளை விட்டதில்ல." அப்போதும் எனக்குப் பெருமை போகவில்லை.

டாக்டர் அவருடைய நடுங்கும் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மாத்திரைய மட்டும் கேக்கலம்மா. கஷாயம், பொடி, லேகியம், பத்தியம், எதுன்னாலும் சொல்லுங்க. திட்ட மாட்டேன். தெரிஞ்சாத்தான் இவரக் காப்பாத்த முடியும்."

கொடுத்தவள் நான்தானே! முள், தண்ணீர், உப்பு, எத்தனை டம்ளர், எத்தனை நாள், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"உடம்புல உப்பு கொறஞ்சா கிட்னி இந்த மருந்த வெளிய விடாம பிடிச்சு வச்சுக்கும். நெருஞ்சில் நீரையும் இறக்கும். வயித்தாலயும் போயிருக்கு. மருந்து ரத்தத்துல ஏறி விஷமாயிருக்கும்" என்றார் டாக்டர். ரத்தம் எடுத்தார்கள், அப்படித்தான் இருந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். நான் எண்ணி எண்ணி நிறுத்திய உப்பு, ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாக அவருக்குள் போனது. அல்லாஹ்வே, என் கையாலேயே இந்த மனுஷனைக் கொல்லப் பார்த்தேனே என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நான்காம் நாள் தெளிந்தார். வழக்கம்போல் உப்புப் போட்டுக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்ல, வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்தார்.

"உப்பு பத்தல மெஹரு."

முப்பது வருஷமாக நான் சண்டை போட்ட வார்த்தை! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"ஒம்பது நாளும் வாயத் தொறக்காம சாப்பிட்டீங்களே, அப்ப ஏன் சொல்லல?"

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "நீதான போட்டுக் குடுத்த. எனக்குக் கெடுதலா நீ என்னத்தக் குடுத்துருவ?"

கஞ்சியில் உப்பைப் போட்டுக் கலக்கினேன்.

"இனிமே சொல்லுங்க" என்றேன். "தெனமும் சொல்லுங்க. நான் சண்டைக்கு வந்தாலும் சொல்லுங்க."