வடிகட்டி எந்தப் பக்கம்

1

நிஷாந்தி என்னிடம் கதை கேட்கவில்லை. கடிதம் கேட்டாள். பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் விசிறிகளின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க அவள் ஒரு பெட்டி செய்து பொருத்தியிருந்தாள். தன் கையால் செய்த முதல் பெட்டி. பொருத்திய மூன்றாம் நாளே பக்கத்து லயத்து வரிசை வீட்டு வேலாயி சண்டைக்கு வந்துவிட்டாள்.

"ஏ புள்ள, ஒம் பொட்டி வந்த நாள்லருந்து எங்க வீட்டு ரேடியோ கரகரன்னு கத்துது. மலைய விட்டு எறங்கி வந்து ஒரு பாட்டு கேக்க முடியல!"

தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் கணேசமூர்த்தி நாள் குறித்துவிட்டார். பெட்டியில் பிழையில்லை என்று செவ்வாய்க்கிழமைக்குள் அளந்து காட்ட வேண்டும். இல்லையென்றால் கழற்றி எறிந்துவிடுவார். அளந்ததை விளக்கி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லித்தான் அவள் வந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவன். ஒரு பக்கத்தோடு நிறுத்தத் தெரியாத வியாதி எனக்கு உண்டு.

2

முதல் தொடக்கம்: "மூடுபனி மலைமுகட்டைத் தழுவிக்கொண்டிருந்த அந்த இனிய காலையில்…"

(வேண்டாம். மலையகக் கதை என்றதும் கை தானாகப் பனியை எழுதிவிடுகிறது.)

இரண்டாம் தொடக்கம்: திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நிஷாந்தி தொழிற்சாலைக்குள் நுழைந்தாள். (ஞாயிறு கொழுந்து எடுப்பதில்லை. ஆகவே திங்கள் காலையில் அரைக்க இலை இருக்காது. எந்திரங்கள் சும்மா கிடக்கும்.) எந்திரம் நின்றால் மின்கம்பியும் அமைதியாக இருக்கும் என்பது அவள் நினைப்பு.

ஒரு கருவி, மின்சாரம் வாங்குகிற அதே கம்பி வழியாக வானொலி இரைச்சலைத் திருப்பித் துப்பும். அதைப் பிடிக்க, சுவர் மின்சாரத்துக்கும் கருவிக்கும் நடுவில் ஓர் அளவுப்பெட்டியை வைக்க வேண்டும். படித்த இடத்தில் இரவல் வாங்கிவந்ததை வைத்தாள். முறைப்படி, தன் பெட்டியை ஓடவிடாமலே முதலில் பார்த்தாள். மடிக்கணினித் திரையில் கோடுகள் மலைச்சரிவுக் கூர்ப்புல்லான மானாப்புல் மாதிரி குத்திட்டு நின்றன.

அவளுடைய பெட்டி ஓடவேயில்லை. அப்படியானால் இது ஊர் இரைச்சல்: மலிவு பல்பு, தொலைபேசி சார்ஜர், ஆபீஸ் கணினி, எல்லாம் கம்பி வழியே வந்து சேர்ந்திருந்தன. "நான் இல்ல, நான் இல்ல" என்று வெற்றுத் தொழிற்சாலையில் சத்தமாகவே சொன்னாள்.

3

இங்கேயே முடித்துவிடலாம் என்றிருந்தேன். ஏழைப் பெண், வீண்பழி, விடுதலை. வாசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு…

ஆனால் நிஷாந்தி முடிக்கவில்லை. ஊர் இரைச்சல் இருப்பதால் தன் இரைச்சல் இல்லையென்று ஆகிவிடாது. அதற்கு அடியில் மறைந்திருக்கலாம். கையோடு கொண்டுவந்த வடிகட்டியை எடுத்தாள். எரிந்துபோன மோட்டாரிலிருந்து உரித்த செப்புக் கம்பியைக் குழாய்த் துண்டில் ஒரு கிழமையாக, ஏழு நாளும், சுற்றிச் செய்தது. இரண்டு தடவை புகைந்தது. இரண்டு தடவையும் பிரித்து மறுபடி சுற்றினாள். கம்பி ஒரு வடிகட்டிக்குத்தான் போதுமாயிருந்தது. அதை அளவுப்பெட்டிக்கு முன்னால், சுவர்ப் பக்கம் மாட்டினாள். ஊர் இரைச்சல் அங்கேயே நின்றுவிட்டது. திரையில் கோடு தரையோடு படுத்தது.

பிறகு தன் பெட்டியை ஓடவிட்டாள்.

முள் ஒன்று எழுந்தது. வேலாயி கேட்கிற வானொலி நிலையம் பாடும் அதே அலைவரிசையில். பெட்டியை நிறுத்தினாள், முள் படுத்தது; மறுபடி ஓடவிட்டாள், மறுபடி எழுந்தது.

4

அன்று மாலை அவளுக்கு வாசித்துக்காட்டிய பிரதியில் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த முள்ளை என்னால் தாங்க முடியவில்லை. ஆகவே என் கதையின் நிஷாந்தி, வடிகட்டியைச் சுவர்ப் பக்கமிருந்து கழற்றித் தன் பெட்டிப் பக்கம் மாட்டினாள். ஊர் இரைச்சல் திரும்பி வந்தது. ஆனால் இப்போது பெட்டி ஓடினாலும் நின்றாலும் திரையில் ஒரே கோடுதான். ஆகவே அவள் நிரபராதி!

"சேர், வடிகட்டிய தப்பான பக்கம் மாட்டிட்டீங்க" என்றாள்.

"பொட்டி சுத்தமாயிருச்சே?"

"எங்க சுத்தமாச்சு? என் சத்தம் நின்னுச்சா, இல்ல ஊரு சத்தத்துக்குள்ள ஒளிஞ்சிக்கிச்சான்னு எனக்கே தெரியாதே. ஊரு சத்தத்த நிறுத்த ஒண்ணு, என் சத்தத்த நிறுத்த ஒண்ணு, ரெண்டு வேணும். எங்கிட்ட இருக்கிறது ஒண்ணுதான்."

"அது கணேசமூர்த்திக்குத் தெரியவா போகுது?"

"ஒரு தடவ இப்படிச் செஞ்சிட்டா, அடுத்த பொட்டிய எதை நம்பி செய்வேன், சேர்?"

எனக்குச் சுருக்கென்றது. (இருபது வருஷமாக எழுதுகிறேன். என் கதை ஆட்கள் எல்லாரும் இத்தனை நல்லவர்களாக எப்படிப் பிறக்கிறார்கள் என்று அன்றுதான் யோசித்தேன். எல்லாரையும் நான் வடிகட்டித்தான் அனுப்பியிருக்கிறேன்.)

5

முடிவு ஒன்று: அவள் பொய்த்தாளைக் கொடுத்துத் தப்பிக்கிறாள். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: கணேசமூர்த்தி மனமிரங்கி, "அம்மா நிஷாந்தி, உன் நேர்மை என்னை…"

(அவர் மனமிரங்கக் கூடியவர் என்று இதுவரை ஒரு வரிகூட நான் எழுதவில்லையே.)

நடந்தது இதுதான். செவ்வாய் காலை அவர் மேசையில் இரண்டு தாள்களை வைத்தாள். பெட்டி நின்றபோது எடுத்தது ஒன்று, ஓடியபோது எடுத்தது ஒன்று. இரண்டாவதில் அந்த முள்ளைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருந்தாள்.

"ஐயா, வேலாயி அக்கா சொன்னது சரி. சத்தம் என் பொட்டியிலருந்துதான் வருது. எங்க வருதுன்னு இப்பத் தெரியும், நிறுத்தவும் தெரியும். கம்பி கொழும்புலருந்து வர மூணு கிழம ஆகும். இன்னொரு வடிகட்டி சுத்தி உள்ள வச்சு, ஒங்க முன்னாடியே அளந்து காட்டுறேன். அதுவரைக்கும் பொட்டிய நானே கழட்டி வைக்கிறேன். ஆனா அந்த எடத்த வேற யாரு பொட்டிக்கும் குடுத்துறாதீங்க."

"தப்ப நீயே கொண்டாந்து குடுக்குற. இனி ஒன்னைய நம்பி…" என்று தொடங்கிய கணேசமூர்த்தி, தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

மிச்சத்தை நான் எழுத மாட்டேன். எழுதினால் மறுபடி அவளைக் காப்பாற்றத்தான் பார்ப்பேன். ஆகவே அவருடைய நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். தாள் உங்கள் கையில். எதிரே திருப்புளியோடு நிஷாந்தி நிற்கிறாள், உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு. அந்த வாக்கியத்தை முடியுங்கள். கொஞ்சம் சீக்கிரம், பன்னிரண்டு மணிக்குக் கொழுந்து லொறி வந்துவிடும்.